பழைய போர்டு எழுத்தை வெக்டரில் எழுப்புவது எப்படி: ‘பொன்னி’ என்ற ஒரே சொல்லை வைத்து முழு வழிகாட்டி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு பழைய அரிசி ஆலைச் சுவருக்காகக் காத்திருப்பேன். எனாமல் பெயிண்ட் வெளுத்துவிட்டது, சுண்ணாம்பு பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த எழுத்து சுவரை விட்டு ஒரு சாண் முன்னால் வந்து நிற்கிற மாதிரியேதான் இன்றைக்கும் கண்ணில் படுகிறது. மஞ்சள் முகம், வலப்பக்கம் செங்கல் சிவப்பு, அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. மூன்றே நிறம். அதை எழுதியவர் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்பே இரண்டு முடிவுகளை எடுத்திருக்கிறார்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எழுத்தின் கனம் எந்தப் பக்கம் போகிறது. கடைசி எழுத்து வரை அந்த இரண்டிலிருந்தும் அவர் விலகவே இல்லை.

அப்படியொரு எழுத்தை வெக்டர் மென்பொருளில், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாத வகை வரைகலை மென்பொருளில், முதலிலிருந்து கட்டுவதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தட்டையான எழுத்துக்குக் கனம் கொடுக்கும் எக்ஸ்ட்ரூட் பட்டனை அமுக்கினால் ஒரு நொடியில் கனம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் தமிழ் எழுத்தில் அந்தப் பட்டனை நம்பினால் சுழி அடைந்துபோகும், புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், வளைவுகளில் நிறம் தாறுமாறாக மாறும். எழுத்தின் கனத்தைக் காட்டும் பக்கங்களைத்தான் இனி சுவர் என்று சொல்லப் போகிறேன்; அந்தச் சுவரை நாமே பார்த்துப் பார்த்து எழுப்பினால் இது எதுவும் நடக்காது. ஒரு சொல்லுக்கு முதல் தடவை அரை நாள் ஆகும். நாலாவது சொல்லுக்கு ஒரு மணி நேரம் போதும்.

எந்த மென்பொருள்

நான் இங்க்ஸ்கேப்பில் செய்து காட்டுகிறேன். இலவசம், திறந்த மூல மென்பொருள், 2003-இல் தொடங்கி 2020-இல் 1.0 பதிப்புக்கு வந்தது. யூனிகோடு தமிழைக் கொம்பு, கால் பிறழாமல் காட்டும். நம் பக்கத்து ஃபிளெக்ஸ் கடைகளிலும் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களிலும் கோரல்டிராதான் புழக்கம். அதில் செய்பவர்களுக்கும் இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் வேண்டியதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பயிற்சிக்கு ‘பொன்னி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆற்றுக்கும் அந்தப் பெயர், அரிசிக்கும் அந்தப் பெயர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், தமிழில் வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கிறது: ‘ெ’-யில் சுழி, ‘ப’-வில் நேர்கோடு, ‘ா’-வில் திறந்த வளைவு, ‘ன்’-இல் புள்ளி, ‘னி’-யில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் கோடு.

முதலில் ஒரு கல்லைப் பாருங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் அடித்தளத்தில் வரிவரியாகக் கல்வெட்டு இருக்கும். ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்து. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரே ஒரு எழுத்தின் முன் நின்று பாருங்கள். வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வந்தால், வெட்டிய பள்ளத்தின் இடச்சுவரும் மேல்சுவரும் இருட்டாக இருக்கும். வலச்சுவரும் கீழ்ச்சுவரும் பளிச்சென்று இருக்கும்.

நாம் செய்யப்போவது புடைத்த எழுத்து, அதனால் வெளிப்பக்கத்தில் இது தலைகீழ்: வலப்பக்கமும் அடிப்பக்கமும்தான் இருட்டு. ஆனால் எழுத்துக்குள் இருக்கும் சுழி ஒரு பள்ளம்தானே? சுழிக்குள் கல்வெட்டு மாதிரியே இடச்சுவரும் மேல்சுவரும் தெரியும், அவைதான் இருட்டாகவும் இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் தவறுகிற முதல் இடம் இது. வெளிச்சுவரைச் சரியாகப் போட்டுவிட்டு, சுழிக்குள்ளும் அதே வலப்பக்கத்தில் நிறம் அடித்துவிடுவார்கள். எழுத்து அந்த இடத்தில் கோணிக்கொள்ளும்.

எழுத்தை அடித்துப் பாதையாக்குவது

டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் பக்கத்தை 2000 × 1000 பிக்சலாக வையுங்கள். அலகு பிக்சலாகவே இருக்கட்டும், பின்னால் வரும் கணக்கு எளிதாகும். டெக்ஸ்ட் கருவியில் ‘பொன்னி’ என்று யூனிகோடில் அடியுங்கள். எழுத்துரு தடிப்பாக இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் பாலூ தம்பி 2, கட்டமரன், முக்த மலர் மூன்றிலும் நல்ல கனமான வடிவங்கள் உண்டு. பழைய போர்டு வாசனைக்குப் பாலூ தம்பியின் உருட்டு எனக்குப் பிடிக்கும். முதல் பயிற்சிக்குக் கட்டமரன் நல்லது. கோடு தெளிவு, சுவர் எழுப்பச் சுலபம். ‘ப’ சுமார் 300 பிக்சல் உயரம் வரும்வரை பெரிதாக்குங்கள்.

இந்த நிலையிலேயே ஒரு பிரதி எடுத்து வேறொரு லேயரில் பூட்டி வைத்துவிடுங்கள். பாதையாக, அதாவது வெறும் வெளிக்கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது.

அப்புறம் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத். வருகிற குரூப்பைக் கலைத்தால் ‘ெ’, ‘ப’, ‘ா’ என்று துண்டு துண்டாக நிற்கும். சில எழுத்துருக்களில் ‘ன’ தனியாகவும் அதன் மேல் வளைவு தனியாகவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அப்படியே விட்டால் எழுத்தின் நடுவில் ஒரு சுவர் முளைக்கும். அந்த இரண்டு துண்டையும் தேர்ந்து பாத் மெனுவில் யூனியன் கொடுத்து ஒன்றாக்குங்கள். புள்ளியை மட்டும் தனித் துண்டாகவே விடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. அது எழுத்தோடு சேர்ந்து வந்தால் பிரேக் அபார்ட் கொடுத்துப் பிரிக்கலாம். அப்படிப் பிரிக்கும்போது சுழியின் ஓட்டையும் தனியாக வந்து நிரம்பிவிடும். எழுத்தின் உடலையும் சுழியையும் மறுபடி தேர்ந்து கம்பைன் கொடுத்தால் ஓட்டை திரும்பிவிடும்.

பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் முனைகளைத்தான் நோடு என்கிறார்கள். நோடு கருவியில் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சுற்று பாருங்கள். யூனியன் செய்த இடங்களில் தேவையில்லாத நோடுகள் கொத்தாகக் கிடக்கும், அவற்றை அழித்துவிடுங்கள். சிம்ப்ளிஃபை பட்டனைத் தொடாதீர்கள். நோடு குறையும், ஆனால் நேர்கோடு இளகி மெழுகு போலாகிவிடும். ஒவ்வொரு நோடும் பின்னால் ஒரு சுவரின் மூலையாக மாறப்போகிறது.

எழுத்தை வில்லாக வளைக்க வேண்டுமானால் இப்போதே செய்துவிட வேண்டும். பாத் எஃபெக்ட்ஸில் பெண்ட் அல்லது என்வலப் டிஃபார்மேஷன் கொடுத்து, பிடித்த வளைவு வந்ததும் மறுபடி ஆப்ஜெக்ட் டு பாத். கனம் கொடுத்த பின் வளைத்தால் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும்.

கனம் எவ்வளவு

முழு வேலையும் இந்த ஒரு எண்ணில் நிற்கிறது. கனத்தைத் தீர்மானிப்பது எழுத்தின் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் தீர்மானிப்பது சுழி.

சுழி 40 பிக்சல் அகலம், நாம் கொடுக்கும் கனம் வலப்பக்கம் 40 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழிக்குள் தெரியும் சுவர் ஓட்டை முழுவதையும் மூடிவிடும். பின்னணி எட்டிப் பார்க்க இடமே இருக்காது. பழைய பெயிண்டர்கள் சிலர் அப்படி மூடியே எழுதியிருக்கிறார்கள், அதுவும் படிக்கத் தெரியும். ஆனால் பின்னணியின் ஒரு பொட்டு சுழிக்குள் தெரிந்தால்தான் எழுத்து மூச்சு விடும் என்பது என் எண்ணம். அதனால் நான் இரண்டு பக்கமிருந்தும் வருவேன்: நோடுகளை நகர்த்திச் சுழியை 60 பிக்சல் வரை திறப்பேன், கனத்தை 36-இல் நிறுத்துவேன். மீதி 24 பிக்சல் பின்னணிக்கு.

ஆக, கனம் வலப்பக்கம் 36, கீழே 36. சரியாக 45 டிகிரி.

இப்போது இடைவெளி. ஒவ்வொரு எழுத்தின் சுவரும் வலப்பக்கம் 36 பிக்சல் நீளப்போகிறது. அடுத்த எழுத்து அதற்கு முன்பே நின்றால் சுவர் அதன் முகத்துக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து 45 முதல் 50 பிக்சல் விடுங்கள். பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தள்ளி நிற்பதுபோல் தோன்றும். கவலை வேண்டாம், சுவர் வந்ததும் அந்த இடம் நிரம்பிவிடும். ‘ெ’, ‘ப’, ‘ா’ மூன்றும் சேர்ந்துதான் ஓர் எழுத்து என்பதால் அவற்றுக்கிடையே மட்டும் இந்த இடைவெளியில் நாலைந்து பிக்சல் குறைத்துக்கொள்ளலாம்.

புள்ளிக்கும் இதே கணக்கு. எழுத்துருவில் புள்ளி ‘ன’-வின் தலைக்கு மிக அருகில் இருக்கும். அதன் சுவர் 36 பிக்சல் கீழே இறங்கினால் நேராகத் தலையில் போய் முட்டும், தூரத்திலிருந்து ‘ன்’ ஏதோ புது எழுத்து மாதிரி தெரியும். புள்ளியை மேலே தூக்கி, தலைக்கும் அதற்கும் 42 பிக்சல் இடம் விடுங்கள். தனித் துண்டாக விடச் சொன்னது இதற்குத்தான். ரோமன் எழுத்துக்காக எழுதிய பாடங்களைப் பார்த்துத் தமிழில் செய்கிறவர்களுக்கு ‘ஏன் நம்முடையது மட்டும் நெரிசலாக இருக்கிறது’ என்ற சந்தேகம் வரும். பெரும்பாலும் காரணம் இந்தப் புள்ளிதான்.

சுவர் எழுப்புவது

‘ப’-விலிருந்து தொடங்குங்கள். அதைத் தேர்ந்து, எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஜெனரேட் ஃப்ரம் பாத், அதற்குள் மோஷன். கோணம் 45, அளவு 51. (36-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 50.9 வரும்.) லைவ் ப்ரிவ்யூவில் டிக் போட்டுப் பாருங்கள். சுவர் வலப்பக்கக் கீழ்மூலைக்குப் போக வேண்டும். வேறு பக்கம் போனால் கோணத்தின் குறியை மாற்றுங்கள். அப்ளை கொடுத்ததும் எழுத்தின் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு துண்டுச் சுவர் கிடைக்கும்.

கிடைப்பதில் பாதி வேண்டாதது. இடப்பக்கம் பார்த்த ஓரத்துக்கும் மேலே பார்த்த ஓரத்துக்கும் கூட அது சுவர் போட்டிருக்கும். அவை கண்ணுக்குத் தெரியக்கூடாத சுவர்கள். ஆனால் நமக்கு வேண்டிய சுவர்களின் மேலேயே வந்து படுத்திருக்கும். வியூ மெனுவில் அவுட்லைன் காட்சிக்கு மாறி, ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து அழியுங்கள்.

‘ப’-வில் எது மிஞ்ச வேண்டும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். இடக்காலின் உட்பக்கம் வலப்பக்கம் பார்க்கிறது: ஒரு சுவர். அடிப்பட்டையின் கீழ்ப்பக்கம் தரையைப் பார்க்கிறது: ஒரு சுவர். வலக்காலின் வெளிப்பக்கம்: ஒரு சுவர். அவ்வளவுதான். முதல் சுவரின் கீழ்நுனி அடிப்பட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். ‘ப’-வில் இதற்கு மேல் சுவர் தெரிந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

வளைவான எழுத்துக்கு வருவோம். ‘ன’-வின் வளைவில் தெரியும் சுவர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? பென் கருவியில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்து, நம் கனத்தின் திசையிலேயே, அதாவது இட மேலிருந்து வலக் கீழாக, 45 டிகிரியில் ஒரு நீளக் கோடு போடுங்கள். அதை எழுத்தை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். கோடு வளைவை வெட்டாமல் உரசிக்கொண்டு நிற்கிற ஒரு இடம் வரும். அதுதான் சுவர் முளைக்கும் இடம். வளைவின் வலப்பக்க மேல்தோளில் ஒன்று, இடப்பக்கக் கீழ்த்தோளில் ஒன்று என்று இரண்டு உரசும் இடங்கள் கிடைக்கும். நோடு கருவியில் அந்த இரண்டு இடத்திலும் இரட்டைக் கிளிக் செய்து நோடு வையுங்கள். நோடு இல்லாவிட்டால் தெரிய வேண்டிய சுவரும் மறைய வேண்டிய சுவரும் ஒரே துண்டாக ஒட்டிக்கொண்டு வரலாம், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இரண்டுக்கும் நடுவே, வளைவு கனத்தின் திசையை நேருக்கு நேராகப் பார்க்கிற இடத்தில், மூன்றாவதாக ஒரு நோடு வையுங்கள். வலச்சுவரின் சிவப்பு முடிந்து அடிச்சுவரின் கருஞ்சிவப்பு தொடங்குவது அங்கேதான். சுழியின் உள்வளைவுக்கும் இதேபோல் மூன்று நோடு. மூன்றையும் வைத்த பிறகு மோஷன் கொடுத்தால் துண்டுகள் கத்தியால் நறுக்கியதுபோல் வரும். கல்வெட்டில் பார்த்ததை நினைத்துக்கொண்டு, சுழிக்குள் இட, மேல் சுவர்களை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழியுங்கள்.

ஐந்து துண்டும் புள்ளியும் முடிந்ததும் அடுக்கு முறை. எல்லா முகமும் எல்லாச் சுவருக்கும் மேலே இருக்க வேண்டும். முகங்களுக்கு ஒரு லேயர், அதன் கீழே சுவர்களுக்கு ஒரு லேயர் என்று வைத்தால் தலைவலி இல்லை. சுவர்களுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு: கனம் வலக் கீழாகப் போவதால், இடப்பக்க எழுத்தின் சுவர் அடியிலும் வலப்பக்க எழுத்தின் சுவர் மேலேயும் வரும். அதேபோல் புள்ளியின் சுவர் ‘ன’-வின் சுவருக்கு அடியில். இடைவெளி தாராளமாக விட்டிருந்தால் இது தேவைப்படாது. நெருக்கமான சொல்லில் கட்டாயம் தேவைப்படும்.

நிறம்

நிறங்களைக் குறைவாக வையுங்கள். நான் பயன்படுத்துவது இது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்கள்:

பின்னணி, பழுப்பேறிய வெள்ளை: 246, 232, 200
முகம், கடுகு மஞ்சள்: 235, 172, 52
வலச்சுவர், செங்கல் சிவப்பு: 190, 62, 40
அடிச்சுவர், கருஞ்சிவப்பு: 122, 32, 28
விழும் நிழல், கரும்பச்சை: 30, 66, 58

வெளிச்சம் இட மேலிருந்து வருவதால் வலச்சுவர் கொஞ்சம் இருட்டு, அடிச்சுவர் முழு இருட்டு. இரண்டுக்கும் ஒரே சிவப்பை அடித்தால் கனம் தட்டையாகிவிடும். ஒரே நிறம் அடித்துச் சோதித்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்பது உடனே புரியும்.

வளைவில் சிவப்பும் கருஞ்சிவப்பும் சந்திக்கும் இடத்தை எப்படி விடுவது? ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரையும் கிரேடியன்ட் போடலாம், ஆனால் அது பழைய எழுத்தின் வழி இல்லை. எனாமல் பெயிண்டில் கை வேகமாக ஓட வேண்டும், நிறத்தை இழைத்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அதனால் பெயிண்டர்கள் அந்த இடத்தில் நாலைந்து மெல்லிய கோடுகளை இழுத்து விடுவார்கள். கருஞ்சிவப்பிலிருந்து சிவப்புக்குள் நீளும் கோடுகள். போகப் போக மெலியும், இடைவெளி கூடும். வெக்டரில், பென் கருவியால் கனத்தின் திசையிலேயே ஒரு ஒல்லியான முக்கோணம் வரைந்து, அதைப் பிரதி எடுத்து வளைவை ஒட்டி வரிசையாக வைக்கலாம். நுனியை முகத்தின் ஓரத்தில் வையுங்கள், அடி பின்பக்க ஓரத்தில் இருக்கட்டும். ஐந்துக்கு மேல் வேண்டாம். இடைவெளி துல்லியமாகச் சமமாக இல்லாமல் இருந்தால்தான் கை தெரியும்; அலைன் பட்டனைத் தொடாதீர்கள். இந்த ஒரு இடத்துக்கு நான் கால் மணி நேரம் செலவழிப்பேன். பார்க்கிறவர்கள் ‘இது கையால் எழுதினதா?’ என்று கேட்பது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

அமெரிக்காவில் வில்லியம் பேஜ் என்ற மர அச்செழுத்துத் தயாரிப்பாளர் 1874-இல் பல வண்ண எழுத்துகளின் மாதிரிப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மரக்கட்டை; ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்தால் முகம், ஓரம், நிழல் எல்லாம் சேர்ந்து ஒரு எழுத்து வரும். நாம் வைத்திருக்கும் லேயர்களும் அந்தக் கட்டைகள் மாதிரிதான். ஒரு லேயருக்கு ஒரு நிறம் என்று கட்டுப்பாடாக இருந்தால், பின்னால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் துணிப்பையில் அடிக்கவும் அதே கோப்பு உதவும்.

உட்கோடும் மினுக்கும்

முகத்தைப் பிரதி எடுத்து, பாத் மெனுவில் இன்செட் கொடுத்து உள்ளே சுருக்குங்கள். 12 பிக்சல் அளவு சுருங்கியதும் ஃபில்லை (உள்நிறத்தை) எடுத்துவிட்டு, 4 பிக்சல் ஸ்ட்ரோக்கில் (ஓரக்கோட்டில்) பின்னணியின் அதே வெள்ளையைக் கொடுங்கள். கோடு மெலிந்த இடங்களில் உட்கோடு இரண்டும் ஒன்றையொன்று முட்டும். முட்டுகிற இடத்தில் அதை வெட்டி, நுனியை உருட்டி விடுங்கள். எழுத்து முழுக்கச் சுற்றி வர வேண்டிய கட்டாயம் இல்லை. இடப்பக்கமும் மேலேயும் மட்டும் கோடு விட்டுப் பாருங்கள், வெளிச்சம் விழுந்ததுபோல் இன்னும் நன்றாக இருக்கும்.

ஓரமும் விழும் நிழலும்

சுவர், முகம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து யூனியன் கொடுத்தால் ஒரே வெளிவடிவம் வரும். இதை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஒரு பிரதிக்குக் கருஞ்சிவப்பு கொடுத்து எல்லாவற்றுக்கும் அடியில், அசையாமல் அதே இடத்தில் வையுங்கள். இன்னொன்றுக்குக் கரும்பச்சை கொடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் வலப்பக்கம் 16, கீழே 16 நகர்த்தி அதற்கும் அடியில் வையுங்கள். இது தரையில் விழும் நிழல். இதற்கு ப்ளர் வேண்டாம். பெயிண்டிலும் மர அச்சிலும் மங்கலான ஓரம் என்பதே கிடையாது. ப்ளர் வைத்த நொடியில் எழுத்து கல்யாண ஃபிளெக்ஸ் மாதிரி ஆகிவிடும்.

அடியில் வைத்த அந்தக் கருஞ்சிவப்புப் பிரதியை ஏன் விடக்கூடாது என்று சொல்கிறேன். ஒரு கடைக்கு நான் செய்த பத்தடி போர்டு அச்சாகி வந்தபோது, சுவர்கள் ஒன்றோடொன்று சேரும் இடமெல்லாம் முடி அளவுக்கு வெள்ளைக் கோடு ஓடியது. திரையில் பார்த்தபோது அது திரையின் குறை என்று விட்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சரியாக ஒட்டி நின்றாலும், அச்சுக்கு மாற்றும்போது நடுவில் பின்னணி கசியும். போர்டை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் ஒரே நிறச் சுவர்கள் ஒட்டி வரும் இடத்தில் யூனியன், அதோடு அடியில் கருஞ்சிவப்பு முழுவடிவம். கசிந்தாலும் கருஞ்சிவப்புதான் கசியும்.

காலத்துக்கு ஏற்ற எழுத்து

‘பொன்னி’-க்குக் கீழே சின்னதாக ‘அரிசி ஆலை’ என்று சேர்க்கப் போகிறீர்களா? அப்படியானால் ‘லை’-யைக் கவனியுங்கள். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. அதில் மாறிய 13 எழுத்துகளில் ‘லை’ ஒன்று. அதற்கு முந்தைய போர்டுகளில் ‘ல’-வுக்கு முன்னால் தனியாக ‘ை’ நிற்காது. எழுத்தின் மேலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறியிருக்கும். ணை, ளை, னை மூன்றுக்கும் அப்படியே. 1960-களின் தோற்றம் வேண்டுமென்றால் இந்த ஒரு எழுத்து, நிறத்தையும் நிழலையும் விட அதிகமாகப் பேசும்.

எழுத்துருவில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ‘ல’-வைப் பாதையாக்கி, பென் கருவியால் துதிக்கையை வரைந்து, கோட்டின் தடிமனைச் சரிபார்த்து யூனியன் கொடுங்கள். வடிவம் தெரியாவிட்டால் வீட்டில் பழைய பத்திரமோ கல்யாணப் பத்திரிகையோ இருக்கும், அதைப் படமெடுத்து அடியில் வைத்து வரையுங்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமையே உண்டு என்று நினைக்கிறேன். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து இறங்கியது 1713-இல். அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது 1715-இல்.

கோரலிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும்

கோரலில் பழைய எழுத்துருக்களில் அடித்தாலும் பரவாயில்லை. கன்ட்ரோல் கியூ கொடுத்து வளைகோடாக்கிவிட்டால் எழுத்துருப் பிரச்சினை தீர்ந்தது. எக்ஸ்ட்ரூட் கருவியில் வகையை பேக் பேரலல் என்று வையுங்கள். அப்போதுதான் கனம் ஒரு புள்ளியை நோக்கிக் குறுகாமல் இணையாகப் போகும். பிறகு கன்ட்ரோல் கே கொடுத்து எக்ஸ்ட்ரூட் குரூப்பைப் பிரித்து, அதையும் கலைத்து, வலச்சுவர், அடிச்சுவர் என்று நிறம் பிரித்து வெல்ட் (இங்க்ஸ்கேப்பின் யூனியன் மாதிரி) செய்யுங்கள். 2018 பதிப்பில் வந்த ப்ளாக் ஷேடோ கருவி கனத்தை ஒரே வடிவமாகத் தரும். அவசர வேலைக்கு நல்லது, ஆனால் இரண்டு நிறச் சுவர் வேண்டுமென்றால் அதையும் நீங்கள்தான் வெட்ட வேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டரில், எழுத்தின் மேல் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்டில் வலம் 1, கீழ் 1, பிரதி 36 என்று கொடுத்து, எக்ஸ்பேண்ட் செய்து யுனைட் கொடுத்தால் வெளிவடிவம் கிடைக்கும். ஓரத்தில் படிக்கட்டு மாதிரி பல் தெரியும். உரசும் இடங்களுக்கு நடுவே உள்ள நோடுகளை அழித்து நேராக்கிக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுப்பது

எல்லா ஸ்ட்ரோக்கையும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து வடிவமாக்குங்கள். இல்லாவிட்டால் கோப்பைக் கடையில் திறந்து பெரிதாக்கும்போது கோட்டின் தடிமன் அப்படியே நின்று, உட்கோடு நூலாக மெலிந்துவிடக்கூடும். பிடிஎஃப் ஒன்று, எஸ்விஜி ஒன்று, பார்ப்பதற்கு ஒரு பிஎன்ஜி, மூன்றையும் கொடுங்கள். இங்க்ஸ்கேப்பில் நிறம் திரைக்கானது. அச்சு மைக்கு மாறும்போது கரும்பச்சை இன்னும் கருக்கும், கடுகு மஞ்சள் கொஞ்சம் மங்கும். முழு போர்டையும் அடிப்பதற்கு முன் ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரி அடித்துத் தரச் சொல்லி, அதை வெயிலில் வைத்துப் பார்த்து நிறத்தைத் திருத்துங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து எதிர் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தெருவின் இந்தப் பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முகம், வலச்சுவர், அடிச்சுவர் மூன்றும் மூன்று சாம்பல் நிறமாகப் பிரிந்து தெரிந்தால் நிறத்தேர்வு சரி. புள்ளி ‘ன’-வின் தலையை விட்டு விலகித் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கோப்பைத் திறந்து, புள்ளியை இன்னும் ஆறு பிக்சல் மேலே ஏற்றுங்கள்.